அழைப்பு மணியைத் தொடாத மார்லிஸ்

'பர்ர்ரக்!'

படுக்கையறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம்.

சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்த ஹைடியின் கை அப்படியே நின்றது. போலீஸ்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்குமா? குண்டு துளைக்காத உடையின் வெல்க்ரோ பட்டையைப் பிய்க்கும் சத்தம் அது. வேலை முடிந்து வந்து கணவன் அதைக் கழற்றும்போதுதான் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். ஆள் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

இன்று அது ஓயவே இல்லை. மாட்டுகிறான், பிய்க்கிறான். மறுபடி மாட்டுகிறான், மறுபடி பிய்க்கிறான்.

"கர்ட்! மணி ரெண்டைத் தாண்டிடுச்சு. மூணு மணி ஷிப்டுக்குக் கிளம்பலையா?"

"கிளம்பிட்டேன்."

'பர்ர்ரக்!'

ஹைடி கதவருகே போய் நின்றாள். உள்ளே போகப் பயமாக இருந்தது. பதினாறு வருடம் ஒரே தலையணையைப் பகிர்ந்துகொண்டவனின் அறைக்குள் போகப் பயம்! யாரிடம் சொல்லி அழுவாள்?

எங்கள் ஆக்னஸ் பே ஊரில் கர்ட் ஹக்காலாவின் பெயர் இப்போது எல்லார் வாயிலும் இருந்தது. ஜனவரி கடைசியில், உறைந்த ஏரியின் மேல் ஓட்டிப்போனபோது பனிப்பாளம் உடைந்து கிழவர் கார்டியின் வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. கர்ட் பனியின் மேல் குப்புறப் படுத்தபடியே ஊர்ந்து போய், கிழவரின் கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டான். கிழவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். காபிக் கடையில் அவனிடம் காசு வாங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மகளைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகுதான் அவன் தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஹைடி கேட்டால், "ரேடியோ கேட்டுட்டு இருந்தேன்" என்றான். ரேடியோ ஓடவே இல்லை.

"டாக்டர்கிட்ட போகலாமே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் பார்த்த பார்வையில் மறுபடி வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் அது. 'என்னால் முடியவில்லை' என்று சொன்ன அன்றே துப்பாக்கி போய்விடும். கண்டெடுத்த சாமான்களைப் போட்டு வைக்கும் அறையின் ஜன்னலில், தொலைந்துபோன சைக்கிள்களுக்கும் குடைகளுக்கும் காவலாக உட்கார வைத்துவிடுவார்கள். நேற்றுவரை தோளில் தட்டிப் பேசியவன், அந்த ஜன்னலைக் கடக்கும்போது செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான்.

'பர்ர்ரக்!'

ஹைடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்போதுதான் வெளியே, வீட்டுக்கு முன்னால் உறைந்து கிடந்த பனியை மிதித்துக்கொண்டு யாரோ வரும் காலடியும், தெருவே அதிரும் ஒரு குரலும் கேட்டன.

"யாரும் சாகல! யாரும் சாகல! மார்லிஸ்தான் வந்திருக்கேன்!"

ஹைடியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

சார்ஜன்ட் மார்லிஸ் ட்வெட்டனை அறியாதவர்கள் அந்தக் குரலைக் கேட்டால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். ஐம்பத்து நாலு வயது. கட்டையான உருவம், இரண்டு முழங்காலும் பழுது. வேலையில் இல்லாதபோது எப்போதும் கணவனின் சிவப்புக் கட்டம் போட்ட வேட்டைச் சட்டைதான். எந்த வீட்டிலும் அழைப்பு மணியை அடிக்க மாட்டாள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

இளம் வயதில் அவளுக்கு நல்ல குரல் என்று பெயர். இழுப்பில்லாத, நடுங்காத குரல். அதனால் சாவுச் செய்தி சொல்ல வேண்டிய வீடுகளுக்கெல்லாம் அவளையே அனுப்பினார்கள். நெடுஞ்சாலையில் போன மகன், காட்டில் மரம் விழுந்து போன கணவன், ஏரியில் போன அண்ணன் தம்பி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மணியை அழுத்தியவள் அவள்தான். உள்ளேயிருந்து "இதோ வர்றேன்!" என்று சந்தோஷமாக வரும் குரலைக் கேட்டவளும் அவள்தான். அந்த சந்தோஷத்தை எத்தனை வாசல்களில் அவள் கையாலேயே கொன்றிருப்பாள்!

ஒரு கிறிஸ்துமஸ் அன்று சொந்த அக்காவின் வீட்டு வாசலில் பரிசுப் பொட்டலங்களோடு நின்றாள். மணியை அழுத்த விரல் போகவில்லை. உள்ளே பாட்டும் சிரிப்பும் கேட்கின்றன. பனி பெய்துகொண்டே இருக்கிறது. விரல் போகவில்லை. குப்பை போட வெளியே வந்த அக்காவின் கணவர், தோளெல்லாம் வெள்ளையாகச் சிலைபோல் நின்றவளைப் பார்த்து, பதறி உள்ளே இழுத்துப் போனார்.

மறுநாளே தலைமை அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் பொல்லாதவர் அல்ல. ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தது. அத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில், இடுப்பிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அந்த ஜன்னலில் உட்கார்ந்தாள். காபிக்குக் கூப்பிட ஒரு நாதி இல்லை. கூப்பிட மறந்தார்களா, கூப்பிடப் பயந்தார்களா, அது கடவுளுக்கே வெளிச்சம்.

டாக்டரிடம் போனாள். அழுதாள், தேறினாள், துப்பாக்கி இடுப்புக்குத் திரும்பியது. வேறொருத்தியாக இருந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பாள். மார்லிஸ் மூடவில்லை. உடைந்துபோகிற சக போலீஸ்காரர்களின் வீட்டுக்குத் தானே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள்.

முதல் தடவையே மகா தப்பு நடந்துபோனது. லைல் என்பவன் விடுப்பில் இருந்தான். வேலைப் பழக்கத்தில் மார்லிஸ் சீருடை போட்டுக்கொண்டு, கூடவே ஸ்டேஷனுக்கு வந்துபோகும் பாதிரியாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். லைல் அன்று மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவள் அவன் மனைவி ஜூடி. சீருடையில் ஒருத்தி, பக்கத்தில் பாதிரியார்! எந்தப் போலீஸ்காரன் மனைவிக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜூடி நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தாள். "அவன் நல்லா இருக்கான், நல்லா இருக்கான்!" என்று மார்லிஸ் அவளை மடியில் போட்டுக்கொண்டு கதறிய கதறலை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து சீருடை கிடையாது, துணை கிடையாது. வண்டியை விட்டு இறங்கியதுமே கூவல்தான். யாரும் சாகவில்லை என்ற செய்தியைத் தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவாள்.

இப்போது அவள் கொட்டகைப் பக்கத்துக் கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த பஞ்சு வைத்துத் தைத்த பையை மேஜைமேல் வைத்தாள்.

"ஏன் ஹைடி அழுவுற? நான்தான் யாரும் சாகலன்னு கத்திட்டே வந்தேனே. இதுக்கு மேல சத்தமா கத்தணும்னா அடுத்த ஊர் ஸ்டேஷன்ல புகார் குடுப்பாங்க."

"நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே. எப்படி..."

"உன் புருஷன்தான் கூப்பிட்டான். நேத்து நாய் குரைக்குதுன்னு ஒரு புகார். ரேடியோவுல 'ரொம்ப நன்றிங்க'ன்னு சொல்றான். இத்தனை வருஷத்துல அவன் ரேடியோவுல யாருக்காவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கியா? கடைசியா விடை சொல்ற மாதிரி கேட்டுச்சு, எனக்கு முதுகெலும்பே சில்லிட்டுப் போச்சு."

சத்தம் கேட்டு கர்ட் வெளியே வந்தான். உடை பாதி ஒட்டியும் ஒட்டாமலும் மார்பில் தொங்கியது. இடுப்பில் துப்பாக்கி. மேஜைமேல் இருந்த பையைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

அந்தப் பையின் கதை ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும். வரும்போது உள்ளே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஹாட்டிஷ் இருக்கும். கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட, வாயில் வைக்க முடியாத ஒரு வஸ்து. சாப்பாடு வீட்டில் தங்கிவிடும். திரும்பும்போது அதே பையில் அந்த வீட்டுத் துப்பாக்கி போகும். ஜன்னல் வழியாகப் பார்க்கிற அக்கம்பக்கத்துக்கு, யாரோ உறவுக்காரி சாப்பாடு கொண்டுவந்து பாத்திரத்தை எடுத்துப் போகிறாள் என்றுதான் தோன்றும். தன் இடுப்பிலிருந்து ஊர் பார்க்க உருவிய அவமானம் இன்னொருவனுக்கு நேரக்கூடாது என்று அவள் கண்டுபிடித்த வழி அது.

"எனக்கு ஒண்ணும் இல்ல, சார்ஜன்ட். முதுகு பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"சரி, முதுகுதான். உக்காரு. சூடா இருக்கு, ஒரு வாய் சாப்பிடு."

"உங்க சமையலையா? அதுக்கு நான் என்னையே சுட்டுக்கலாம்."

எப்போதும் ஸ்டேஷனில் அடிக்கும் கிண்டல்தான். நூறு தடவை சொல்லி நூறு தடவை சிரித்திருக்கிறார்கள். ஆனால் இன்று யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனுக்கே அந்தச் சொல் அப்போதுதான் காதில் விழுந்தது. ஹைடியின் கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

மார்லிஸ் நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கர்ட், சுத்தி வளைக்காம கேக்குறேன். உன்னை நீயே முடிச்சுக்கணும்னு நினைப்பு வருதா?"

கர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"வருது" என்றான். "கார்ல உக்காந்திருக்கும்போது."

ஹைடி வாயைப் பொத்திக்கொண்டாள். மார்லிஸ் அவள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியே, அதுவே பெருசு. இப்ப மீதியைச் சொல்லு."

மடை திறந்த மாதிரி வந்தது. "கை தட்டுறாங்க, மார்லிஸ்! அந்தக் கிழவனை இழுத்ததுக்குக் கை தட்டுறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? போன இலையுதிர் காலத்துல அந்த வேன்ல இருந்த பொண்ணு... என் பொண்ணு வயசு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள... அதுக்கு முன்னாடி ரயில் பாலத்துல அந்தப் பையன். யாரும் அதைக் கேக்கல. காபிக்குக் காசு வேணாம்னு சொல்றப்போ, செத்துப்போன அவங்க எல்லாரும் எனக்குப் பின்னால வந்து வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு. நான் ஊரை ஏமாத்துறேன்."

சொல்லிவிட்டுக் குழந்தைபோல் அழுதான். ஆறடி மூன்றங்குல ஆள், மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மார்லிஸ் 'அழாதே' என்று சொல்லவில்லை. அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலும் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"துப்பாக்கியை எடுத்துருவாங்க இல்ல?" என்றான் கடைசியில்.

"எடுப்பாங்க. வேற யாரும் வேணாம்னு நானே வந்திருக்கேன்."

"திரும்பக் கொடுப்பாங்களா?"

"எனக்குக் கொடுத்தாங்க. லைலுக்குக் கொடுத்தாங்க. உனக்கும் கொடுப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது, டாக்டர்தான் சொல்லணும். பொய் சொல்லி உன்னை அனுப்ப மாட்டேன்."

கர்ட் தலையை ஆட்டினான். "அப்ப வேணாம். அந்த ஜன்னல்ல உக்காந்து, எல்லாரும் குனிஞ்சுகிட்டுப் போறதைப் பாக்க என்னால ஆகாது. அதுக்கு நான் ரோட்டுலயே இருந்துக்கிறேன். தாங்கிக்குவேன்." எழுந்து வெல்க்ரோ பட்டையை இழுத்து ஒட்டினான்.

ஹைடிக்கு உயிரே போய்விட்டது. கதவு வரைக்கும் போய்விட்டான். இன்னும் இரண்டு அடி வைத்தால் காரில் ஏறிவிடுவான். பிறகு எந்தச் சாலை ஓரத்தில் அந்தக் காரை நிறுத்துவானோ!

"போன குளிர்காலம் லைல் அந்த ஜன்னல்ல இருந்தானே, ஞாபகம் இருக்கா?" மார்லிஸ் இருந்த இடத்தை விட்டு அசையாமல் கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப தினம் ஷிப்ட் ஆரம்பத்துல பேர் கூப்பிடுற நம்ம ரோல்கால் எங்க நடந்துச்சு?"

"அந்த ஜன்னலுக்கு முன்னாலதான். நடைபாதையில. எல்லாரும் காபியோட நின்னுகிட்டு. நான்கூடக் கால் வலிக்குதுன்னு கத்துனேன். ரோல்கால் ரூம் ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு நீங்கதானே..."

அவன் நிறுத்தினான்.

"ஹீட்டருக்கு ஒண்ணும் ஆகல, கர்ட்."

"வசந்தம் வரைக்கும் மெக்கானிக் வரலன்னு சொன்னீங்களே!"

"மெக்கானிக்கைக் கூப்பிட்டாத்தானே வருவான்? நான் அந்த ஜன்னல்ல இருந்தப்போ ஒருத்தன்கூட என்கூட நின்னு ஒரு வாய் காபி குடிக்கல. கூப்பிட்டு நில்லுங்கடான்னா எவனும் நிக்க மாட்டான், வெக்கப்படுவான். அதான் ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு கதை கட்டினேன். மூணாவது நாளே லைல் உங்களைப் பார்த்து நக்கலடிக்க ஆரம்பிச்சுட்டான். உன் தொப்பையைப் பத்தி என்ன சொன்னான்?"

கர்ட்டின் உதடு துடித்தது. "தொலைஞ்சுபோன சாமான்ல அதைச் சேர்க்க முடியாது, ஏன்னா தினம் வீட்டுக்கு வந்துருதுன்னான்."

"நீ அங்க உக்கார்ற அன்னைக்கே மறுபடி ஹீட்டர் கெடப்போகுது. ஒருத்தனும் குனிஞ்சுகிட்டுப் போக முடியாது. லைல் உன் ஜன்னல்மேலேயே முழங்கையை ஊனிக்கிட்டு நிப்பான். தாங்க முடியாம நீயே சீக்கிரம் குணமாயிருவ."

ஹைடி சிரித்தாள். அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு அது. கர்ட் அவளைப் பார்த்தான். மூன்று வாரமாக அவன் அவளை அப்படிப் பார்க்கவே இல்லை.

மெதுவாகத் திரும்பி வந்தான். துப்பாக்கியை எடுத்து, தோட்டாக்களை இறக்கி, உள்ளே எதுவும் இல்லை என்று காட்டி, மேஜைமேல் வைத்தான். மார்லிஸ் சூடான பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் துப்பாக்கியை வைத்தாள்.

"வீட்டுல இருக்கிறது இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

ஹைடி கீழ்த்தளப் படியைப் பார்த்தாள். சொன்னால் கணவனைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அவள் என்ன மனைவி!

"கீழ்த்தளத்துல மான் வேட்டைத் துப்பாக்கி ரெண்டு இருக்கு" என்றாள்.

"ஹைடி!"

"கத்து. நல்லா கத்து. என்னை வெறுத்துக்கோ. நீ உயிரோட இருந்து எவ்வளவு வேணும்னாலும் வெறுத்துக்கோ, கர்ட்!"

அந்தப் பெரிய மனிதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கீழ்த்தளப் படியை நோக்கி நடந்தான். மார்லிஸ் ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

"இரு, நானும் வர்றேன். இந்த முட்டியோட உங்க வீட்டுப் படி இறங்குறதுக்கு எனக்குத் தனியா சம்பளம் குடுக்கணும். கையைப் பிடிச்சுக்கோடா, விழுந்தா என் புருஷனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

படியில் அவள் முனகலும் அவன் காலடியும் இறங்கிப் போவதை ஹைடி மேலே நின்று கேட்டாள். கீழே இரும்பு அலமாரி திறந்தது. மார்லிஸின் குரல் நிற்கவே இல்லை. மானைப் பற்றி, போன வருட வேட்டையைப் பற்றி, இந்த ஊர்க் கடையில் விற்கும் கேவலமான கையுறையைப் பற்றி. பிறகு இரண்டு பேரின் காலடியும் மேலே ஏறி வந்தது. மார்லிஸின் கையில் இரண்டு துப்பாக்கியிலிருந்தும் கழற்றிய போல்ட்டுகள், தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் தண்டுகள், இருந்தன. அவை இல்லாமல் அந்தத் துப்பாக்கிகள் வெறும் தடிகள்தான். தோட்டாப் பெட்டிகளோடு அவையும் பைக்குள் போயின.

"இப்ப ஸ்டேஷனுக்கு போன் பண்ணணும்" என்றாள். "நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

கர்ட் போனை எடுத்தான். எதிர்முனையில் யாரோ உற்சாகமாகப் பேசினார்கள்.

"கர்ட் பேசுறேன். இன்னைக்கு வரல." ஒரு மூச்சு. "முதுகு இல்ல. மனசு சரியில்ல. டாக்டரைப் பாக்கப் போறேன். ஆமா. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மார்பில் இருந்த உடையைக் கழற்றி ஹைடியிடம் கொடுத்தான். அவள் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மார்லிஸ் பூட்ஸை மாட்டினாள். துலுத் நகரத்தில் போலீஸ்காரர்களையும் தீயணைப்புக்காரர்களையும் மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாகவும், நாளைக் காலை எட்டுக்குத் தானே வண்டியோடு வந்து நிற்பதாகவும், வழியில் அவன் பேசவே வேண்டியதில்லை என்றும் சொன்னாள். இன்று முழுக்க அவனைத் தனியாக விடக்கூடாது, நினைப்பு வந்தால் உடனே தன்னைக் கூப்பிட வேண்டும் என்று இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

"அந்த டாக்டரம்மாகிட்ட என்ன பேசுறது?" என்றான் கர்ட்.

"எனக்குத் தெரியாது. நான் முதல் நாள் ஒரு மணி நேரம் மீன் விலையைப் பத்திப் பேசினேன். அவங்க அதுக்கும் தலையாட்டினாங்க."

கதவைத் திறந்ததும் ஏரிக் காற்று ஊசி மாதிரி உள்ளே பாய்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. மார்லிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஜன்னலுக்கு ஒரு கையை ஆட்டினாள்.

ஹைடி அவளைக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன், மார்லிஸ்?"

"அந்த ஹாட்டிஷைச் சாப்பிடுங்க. ஒருத்தராவது சாப்பிட்டாங்கன்னு நான் என் புருஷன்கிட்ட சொல்லணும்."

தடுக்கி விழாமல் பனியில் பக்கவாட்டாகக் கால் வைத்து அவள் படியிறங்கினாள். பாதியில் நின்று திரும்பினாள்.

"வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போகுது பாரு. கதவைச் சாத்து, கர்ட்."

அவள் வண்டி ஏறிப் புறப்படுகிறவரை அவன் வாசலிலேயே நின்றான். பிறகு கதவைச் சாத்தினான்.